சிவப்பு நூலில் இரண்டு தையல்

டெலியா ஹர்லி போன மாதம் இறந்துபோனாள். சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு அவள் துணி வெளுப்பைப் புகழ்ந்தார்கள். ஹாலிஃபாக்ஸ் துறைமுக ஊரின் வடக்கு மேட்டில் அவள் கை படாத சட்டை கிடையாது, உண்மைதான். ஆனால் அவள் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட சங்கதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். நான் வின்னி, பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள். எனக்கு ஒற்றைக் கண்தான், இருந்தாலும் பார்த்ததை மறக்கிறவள் இல்லை.

நாற்பது வீட்டுத் துணி அவளிடம் வந்தது. ஒருவர் துணி இன்னொருவரிடம் போய்விடாமல் இருக்க, காலருக்கு உள்பக்கம் கலர் நூலால் அடையாளம் தைப்பாள். டாக்டருக்குப் பச்சையில் மூன்று தையல். சரக்கு ரயில் குமாஸ்தா சைலஸ் பென்னிக்குச் சிவப்பில் இரண்டு. புருஷன் ஆம்ப்ரோஸ் சட்டைக்கு மட்டும் எதுவும் கிடையாது. அதற்கு யார் பங்குக்கு வரப்போகிறார்கள்?

ஆம்ப்ரோஸ் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். கதவு அடைக்கிற தோள், வாய் நிறையச் சிரிப்பு. ஒருமுறை வாடிக்கைக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடனத்துக்குப் போய் டெலியாவிடம் மாட்டினான். அவள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. இனி தொடமாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் செய்தான்.

1917 டிசம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை காலை. நான் பின்கட்டில் நிற்கிறேன். ஆம்ப்ரோஸ் அவசர அவசரமாகப் பித்தான் போடுகிறான். கொடியில் அவனுடைய சட்டை உறைந்துபோய்ப் பலகையாட்டம் தொங்குகிறது.

"யாரு சட்டைய்யா அது?"

"உஷ்! வின்னி, நீ நல்லவ. அவகிட்ட சொல்லிராத. சாயங்காலம் அவ பாக்கறதுக்குள்ள மடிச்சு வச்சுருவேன்."

"மாட்டுனா தோலை உரிச்சிருவா."

"உரிச்சுத் துவைச்சு இஸ்திரியும் போட்டுருவா!" என்று சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு இறக்கத்தில் ஓடினான். நானும் சிரித்தேன். யாருடைய சட்டை என்று இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், துறைமுகக் குறுகலில் இரண்டு கப்பல்கள் முட்டிக்கொண்டு ஒன்று தீப்பிடித்தது. வயிறு முட்ட வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் அது. மேட்டில் இருந்த எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஊரே வேடிக்கை பார்த்தது, நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். டெலியா கரி எடுக்க நிலவறைக்குள் இறங்கியிருந்தாள். அந்தக் கரிதான் அவளைக் காப்பாற்றியது. கப்பல் வெடித்தபோது எங்கள் தெருவே இல்லாமல் போயிற்று. ஜன்னல் கண்ணாடி என் இடது கண்ணுக்குள் வந்தது.

மறுநாள் பனிப்புயல். அதற்குள்ளும் நடந்து, பிணங்களை அடுக்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு டெலியா போனாள், ஆம்ப்ரோஸைத் தேடி. முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத பிணங்கள். அவள் காலரைத் திருப்பினாள், நூலைப் பார்த்தாள், பெயரைச் சொன்னாள். சிப்பாய்கள் அசந்துபோனார்கள். அதன்பின் வரிசை வரிசையாக அவளையே கூட்டிப்போனார்கள். பதினேழு பேருக்குப் பெயர் கொடுத்தாள். ஆம்ப்ரோஸ் மட்டும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்: "பென்னி சாரையும் பாத்தேன்டி. காலர்தான் மிச்சம். அவர் சம்சாரம் யூனிஸ் பக்கத்துலயே வரல, பாவம். 'நீ சொன்னாப் போதும், டெலியா'ன்னா. எனக்கு நிக்க நேரமில்ல. 'சீக்கிரம் மூடுங்கப்பா, நான் என் புருஷனைத் தேடணும்'னு சொல்லிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டேன்."

அன்று காலை பித்தான் போட்ட ஆம்ப்ரோஸின் விரல்கள் என் கண்முன் வந்தன. ஆனால் அது பென்னியின் சட்டைதான் என்று எனக்கென்ன நிச்சயம்? சொல்ல வந்ததை மென்று முழுங்கினேன். ஐந்து வாரம் முழுங்கினேன். அந்த ஐந்து வாரமும் அவள் தினம் பனியில் நடந்துபோய், ஆள் அடையாளம் தெரியாத பிணங்களிலிருந்து எடுத்துவைத்த சாமான் பைகளைக் கிளறிவிட்டு வந்தாள். அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

ஜனவரி நடுவில், எங்களுக்குக் கொடுத்திருந்த பலகைக் கொட்டகையின் கதவை ஒருவர் தட்டினார். தலையில் கட்டு, யாரோ தானம் கொடுத்த தொளதொளக் கோட்டு. சைலஸ் பென்னி.

"என்ன டெலியாம்மா, என்னைப் புதைச்சே புட்டீங்களாமே! என் சம்சாரம் என்னைப் பாத்து மயக்கம் போட்டு விழுந்துட்டா."

அடிபட்டவர்களை ஏற்றிப்போன ரயிலில் அவரையும் ட்ரூரோ ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தன் பெயரே நினைவில்லாமல் ஒரு மாதம் கிடந்திருக்கிறார். டெலியா சந்தோஷம் தாங்காமல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான்.

"நான்தான் சாமி தப்பு பண்ணுனேன், உங்க சட்டையப் பாத்து..."

"என் சட்டையா? நான் போட்டிருந்ததை ஆஸ்பத்திரியில கத்தரிச்சு எடுத்தாங்களே. இன்னொண்ணு உங்ககிட்ட வெளுப்புலல்ல இருந்துச்சு?"

டெலியா அவர் கையை விட்டாள். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். ஆம்ப்ரோஸ்தான் சொல்லாதன்னான்."

அவள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "புதைச்ச இடம் எங்க இருக்கு?" என்று பென்னியைக் கேட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம். ஜெபமாலை இல்லாமல் தூங்காத கத்தோலிக்கனை, யாரோ ஒரு போதகர் யாருடைய பெயரையோ சொல்லி மண்ணுக்குள் அனுப்பியிருந்தார். பனிக்கு மேலே பெயர் எழுதிய மரக்கட்டை ஒன்று நின்றது. சைலஸ் பென்னி, வயது நாற்பத்தொன்று. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் பெயருக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

டெலியா மண்டியிட்டாள். வெறுங்கையால் பனியைத் தள்ளினாள், கல்லாக இறுகிய மண் தெரிகிறவரை. பிறகு அதன்மேல் கையை வைத்துச் சொன்னாள்:

"முழுசாக்கூடப் பாக்கலையே ஆம்ப்ரோஸ். நான்தான் மூடச் சொன்னேன். உன்னைத் தேடற அவசரத்துல."