உளுந்துக்கு என்ன நிறம்?

வழியையும் ஆபத்தையும் கார்க் கண்ணாடியிலேயே வண்ணத்தில் காட்டும் திரையை வடிவமைப்பது என் வேலை. சென்ற தை மாதம், அதைச் சோதிக்க அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்கு ஓட்டிப் போனேன். வழியில் கண்ணாடி சிவப்பாக ஒளிர்ந்து 'தடை' என்றது. சாலை முழுக்க உளுந்தஞ்செடி பரப்பியிருந்தது. நிறுத்தினேன்.

செடியைக் கிளறிக்கொண்டிருந்த பெண் கையசைத்தார். "ஏண்ணே, பாம்பா கெடக்கு? ஏறிப் போங்க. வண்டி ஏறுனாத்தான் காயி ஒடையும். மழை வேற இருட்டிக்கிட்டு வருது."

ஏறிப் போனேன். அவர் முகம் மலர்ந்தது. இதற்குப் பச்சைதான் சரி என்று அப்போதே தீர்மானித்தேன்.

பின்னால் சத்தம் கேட்டது. மொபெட்டில் வந்தவர் அதே செடியில் சறுக்கி விழுந்திருந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கையில் ரத்தம்.

"ஏத்தா, ரோடு என்ன ஒங்க களமா?"

"களம் இருந்தா நான் ஏண்ணே ரோட்டுக்கு வாரேன்?" என்றபடி அந்தப் பெண் காயத்தைக் கழுவிவிட்டார்.

அதற்குள் தூறல் விழுந்தது. விழுந்தவர் திட்டிக்கொண்டே எங்களோடு சேர்ந்து செடியை வாரினார்.

அந்த இடத்துக்கு என்ன நிறம் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதையும் குழப்பமின்றிக் குறித்துவைப்பவன் நான். படிவத்தில் அந்த நிறத்துக்கான கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.