அணைக்குக் கீழே ஒரு படகு

கல்கத்தாவில் எங்களுக்குக் காவிரி இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கால்வாயில்தான் அம்மா வருஷந்தோறும் ஆடிப்பெருக்குக் கும்பிடுவாள். அந்த வருஷம் மழைக்காலத்திலும் அங்கே சேறுதான் கிடந்தது.

"பெருக்குன்னா தண்ணி வேண்டாமா? அணைக்கு மேலே போலாம் வாங்கோ" என்றாள்.

அணை அப்பாவின் மேற்பார்வையில் கட்டியது. வயல்களுக்குள் உப்புத்தண்ணீர் ஏறாமலிருக்கக் கால்வாயின் குறுக்கே போட்டு, நடுவில் மரக்கதவு வைத்திருந்தார்கள். மேலே கரைமுட்டத் தண்ணீர். எனக்கு ஒரே பெருமை.

திரும்பும்போது, கீழே சேற்றில் சாய்ந்து கிடந்த படகிலிருந்து மாஷி கூப்பிட்டாள். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. படகிலேயே குடியிருந்து மீன்பிடித்த அவளை நான் அப்படித்தான் அழைப்பேன். கால்வாயில் மீன் அற்றுப்போனதால், அவளும் புருஷனும் பெரிய ஆற்றுக்குப் போய்ப் பிழைக்கக் காத்திருந்தார்கள்.

"உன் பாபாகிட்ட சொல்லும்மா. ஒரே ஒரு தடவை கதவைத் திறந்தாப் போதும். படகு மிதந்துட்டா நாங்க போயிடுவோம்" என்றாள் வங்காளியில்.

அப்பா சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. காத்திருந்தேன். அன்று சொன்னேனா, மறுநாளா? ஒரு நாளில் எதுவும் மாறியிருக்காது. தெரிந்தும் மனம் அதையே கிளறுகிறது. இப்போது என் மகள் சாப்பாட்டின் நடுவே எதைக் கேட்டாலும் தடுப்பதில்லை. அதுவும் சரிதானா, தெரியவில்லை.

அப்பா கதவைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் சீறி இறங்கியது, படகைத் தூக்கவில்லை. இருபுறமும் மெல்லிசாகப் பரவி வடிந்துவிட்டது. அணை கட்டியபின் மேலிருந்து வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகாததால், கடல் ஏற்றத்தோடு வந்த வண்டல் அங்கேயே தங்கிக் கால்வாயைத் தூர்த்திருந்தது. இதை வெகுகாலம் கழித்து அப்பாவே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுவாரம் மாஷியின் புருஷன் படகைப் பிரித்து, அந்தப் பலகைகளால் கரையில் குடிசை போட்டான். நான் கைதட்டினேன்.

"இனிமே எங்கேயும் போகமாட்டே, இல்லையா மாஷி?"

"எங்கே போறது?" என்றாள் அவள்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் கட்டளை மறந்துபோயிற்று.

"அம்மா, மாஷிக்கு வீடு கிடைச்சாச்சு! பாயசம் வைக்கலாமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

சாப்பிடும்போது பேசிவிட்டதால்தான் அவருக்குக் கோபம் என்று, அன்று முழுவதும் நான் பயந்துகொண்டிருந்தேன்.