முயல் படமும் சிவப்புக் காலணியும்

திரைப்படத்தில் கதவு கிறீச்சிடுவதும் எலும்பு முறிவதும் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவாவதில்லை. பிற்பாடு ஓர் அடைத்த அறைக்குள் ஒருவர் திரையைப் பார்த்தபடியே அவற்றையெல்லாம் கையாலும் காலாலும் உண்டாக்குகிறார். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் ஓர் ஒலிக்கூடத்தில் ‘சத்தக்காரர்’ என்று அழைத்தார்கள். முட்டைக்கோசைத் திருகினால் கழுத்து முறியும். நனைந்த துண்டைத் தரையில் அறைந்தால் குத்து விழும். மீசை நரைக்கும் வயதுவரை எத்தனையோ கொலைகளைக் காய்கறியால் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்கியவர் அவர். அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது ஒரு முத்தம்.

படம் மலிவுச் செலவில் எடுத்தது. மணமான ஒருவன்மீது பித்துக்கொண்ட பெண் அவன் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து, கடைசியில் கத்தியோடு அவன் வீட்டுப் படியேறுகிறாள். நடுநடுவே, கதைக்கு வேண்டியதும் வேண்டாததுமாகப் படுக்கையறைக் காட்சிகள். கையிறுக்கமான தயாரிப்பாளர் நடிகையை மறுபடி அழைக்க மறுத்துவிட்டதால், அவளுடைய நடை, உடைச் சரசரப்பு, முத்தம் எல்லாம் சத்தக்காரர் தலையில் விழுந்தன. தம் காலளவுக்குக் குதியுயர்ந்த சிவப்புக் காலணி ஒரு ஜோடி சொல்லிச் செய்வித்தார். பட்டில் ஓர் இரவு அங்கி வாங்கினார். முத்தத்துக்கு மட்டும் வேறு கருவி கிடையாது. தம் முன்கையையே வாயில் வைத்து உறிஞ்சினார்.

என்ன படம் என்று மனைவி கேட்டபோது உண்மையைச் சொல்லக் கூசினார்.

“குழந்தைங்க படம்மா. ஒரு முயலைப் பத்தி.”

அவள் பாலர் பள்ளி ஆசிரியை. மறுநாளே வகுப்பில் பெருமை பேசிவிட்டாள். அதுமுதல் மாலைதோறும் விசாரணை தொடங்கியது.

“பிள்ளைங்க கேக்குறாங்க, இன்னிக்கு முயல் என்ன பண்ணுச்சாம்?”

“குழியில விழுந்துடுச்சு.”

“ஐயையோ! ஏறி வந்துடுச்சா?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

இப்படியே முயல் வளர்ந்தது. கூடவே அவர் முன்கையில் சிவப்புத் தழும்புகளும் வளர்ந்தன. ஒருநாள் தேநீர்க் கோப்பையை நீட்டியவள் கையைக் கவனித்துவிட்டாள்.

“என்னங்க இது?”

“கொசு.”

“உங்க கொசுவுக்குப் பல்லு முளைச்சிருக்கா?”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். ஆனால் அந்த வாரமே, துவைக்கத் துணி தேடி அவர் பையைத் திறந்தவளின் கையில் அங்கியும் காலணியும் அகப்பட்டன. ஒற்றைக் காலணியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இது யாரோடது?”

“படத்துக்கும்மா.”

“முயல் போட்டுக்குதா?”

அவர் காலணியை மேசையிலிருந்து எடுக்கப் போனார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எவ்ளோ பெரிய காலு! அவ என்ன கரண்டு கம்பம் மாதிரி இருப்பாளா?” அவளுடைய ஏளனக் குரல் பாதியில் உடைந்தது. “சனிக்கிழமை எங்கண்ணன் வர்றார். அதுக்குள்ள வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் பையோட அவர்கூடப் போயிடுவேன். அப்புறம் நீங்களும் அந்தக் கம்பமும் சுகமா இருங்க.”

சொல்லியிருக்கலாம். பல் துலக்கும்போதும் பேருந்தில் தொங்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ‘அப்படி ஒருத்தி இல்லை, என் கையை நானே கடித்துக்கொள்கிறேன்’ என்பது அவர் காதுக்கே பொய்யாகப்பட்டது. நம்பிவிட்டால் அதைவிடக் கேடு: எந்தப் படத்துக்கு என்று கேட்பாள். பச்சைப் பிள்ளைகளிடம் தன்னைப் பொய் சொல்ல வைத்தவன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயைத் திறந்தபோதெல்லாம் முயல்தான் குதித்து வெளியே வந்தது. சனிக்கிழமை காலை, மைத்துனர் வருமுன் அங்கியும் சிவப்புக் காலணியும் இருந்த பையைத் தோளில் மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வீட்டைவிட்டு நழுவினார். ஓசைப்படாமல் நடப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாதா?

அன்று படத்தின் கடைசிச் சுருள். சிவப்புக் காலணியை மாட்டிக்கொண்டு, மரப்பலகைமேல் கத்திக்காரியின் நடையை நடந்தார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளன் கைகாட்டி நிறுத்தினான்.

“அண்ணே, உங்க காலு இல்லாம இன்னொரு அடி விழுதே?”

சத்தக்காரர் ஒலிகேட்கும் கருவியைக் காதில் மாட்டினார். வெளிப்படிக்கட்டில் கனத்த பூட்ஸ் ஒன்று ஏறிவந்தது. அதன் பின்னால் வார் தளர்ந்த ஒரு செருப்பு, இடது காலை இழுத்து இழுத்து. சமையலறையிலிருந்து படுக்கையறைவரை அவர் தினமும் கேட்கிற இழுப்பு அது. திரையில் ஏறுகிறவளைப் பார்த்து நாயகன் நடுங்கினான். வெளியே ஏறுகிறவளைக் கேட்டு இவர் நடுங்கினார்.

“யாரோ போறாங்க, விடுங்கண்ணே. முத்தத்தை முடிச்சிடலாம்” என்று அவன் படத்தை ஓடவிட்டான்.

படம் ஓடினால் கை தானாக வாய்க்குப் போய்விடும், தொழிற்பழக்கம். கதவு திறந்தபோது, கால்களில் சிவப்புக் காலணியோடும் தோளில் பட்டு அங்கியோடும் அவர் தம் முன்கையைக் கண்மூடி முத்தமிட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ள!” என்றார் மைத்துனர்.

மனைவி திரையைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“முயல் எங்க?”

“முயலே இல்லம்மா.”

அவள் திரும்பிப் போய்விட்டாள். அண்ணன் கையில் அவளுடைய துணிப்பை இருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். பின்னால் ஓட நினைத்தார். அந்தக் குதியோடு படியிறங்க முடியுமா? மறுபடி காதில் கருவியை வைத்துக்கொண்டு, “சத்தத்தைக் கூட்டு” என்றார். பூட்ஸும் செருப்பும் இறங்கின. படிக்கட்டின் கீழே இரண்டும் நின்றன. ஏதோ முணுமுணுப்பு, சொல் விளங்கவில்லை. பூட்ஸ் மட்டும் தெருப்பக்கம் நகர்ந்து தேய்ந்து மறைந்தது. செருப்பு எந்தப் பக்கமும் போகவில்லை.

பிறகு அந்த இழுப்பு படியேறியது.

உள்ளே வந்தவளின் தோளில் துணிப்பை தொங்கிற்று.

“திங்கக்கிழமை பிள்ளைங்க கேப்பாங்க. முயல் செத்துப்போச்சுன்னு சொல்லட்டுமா?”

“வேணாம்மா. பாவம்.”

“அப்போ சத்தம் பண்ணுங்க. பதிஞ்சு எடுத்துட்டுப் போறேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தரையில் இறக்கினாள்.

முயல் எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியவில்லை. கழுத்து முறிக்க வாங்கிவைத்திருந்த முட்டைக்கோசில் ஓர் இலையைக் கிள்ளி, ஒலிவாங்கியருகே, முன்பற்களால் கறுக் கறுக்கென்று கடிக்கத் தொடங்கினார்.