மூன்று கேமராவும் ஒரு பொட்டு அட்டையும்

ஒரே மாதிரியான மூன்று கேமராக்களை ஒரு மடிக்கணினியில் இணைத்தால், திரையில் மூன்றும் ஒரே பெயரில் வந்து நிற்கும். எது முன்னாலிருந்து பார்க்கிறது, எது பக்கவாட்டில், எது மேலிருந்து என்று எனக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. எனக்குச் சந்தேகம் வரக் காரணமே தேவையில்லை என்பார் என் கணவர். கேஸை அணைத்தேனா என்று பார்க்க, திருநின்றவூர் ஸ்டேஷன் வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான்.

அதனால் ஸ்டிக்கர் பொட்டு வைத்தேன். முன்கேமராவுக்குச் சிவப்பு, பக்கத்துக் கேமராவுக்குப் பச்சை, மேலே தொங்குவதற்குக் கருப்பு. அதே நிறப் பொட்டு அதனதன் கேபிளின் மறுமுனையிலும். பாப்பா தடுக்கி விழக்கூடாது என்று மூன்று கேபிள்களையும் சேர்த்து டேப் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, பல கேபிளை ஒன்றாக்குகிற ஹப் என்ற சின்னப் பெட்டியில் செருகினேன். அந்த ஹப்பிலிருந்து ஒரே ஒரு கேபிள் மடிக்கணினிக்குப் போயிற்று.

வேலைக்குக் கிளம்பும்போது கணவர் நின்று பார்த்தார்.

"மூணு பேருக்கும் பொட்டு வெச்சாச்சு. பூ எப்ப வைக்கப் போறே?"

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்கு அந்த அக்கா வர்றாங்க."

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிற அக்கா. அவருடைய எண்ணெய் ஆன்லைனிலும் போகிறது. புதிதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். செக்கு எண்ணெயில் கசடு அடியில் தங்கும். பாட்டிலைத் திருப்பித் திருப்பி எடுத்தால் கலங்கிப்போகும். முன்னால் எடுத்துக்கொடுத்தவர் அப்படி எடுத்துத்தான் எண்ணெய் கஷாயம் போல் தெரிந்ததாம். பாட்டிலை அசைக்காமல் ஒரே சொடுக்கில் மூன்று பக்கமும் எடுத்துக் காட்டினால், இனி எல்லாப் படத்தையும் என்னிடமே எடுக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

பழைய அலுவலகமும் திரும்ப வரச் சொல்லி அழைத்திருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவின் வேலை கிடைத்தால் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், இன்னும் சரியாகப் பேச வராத மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும்.

அக்கா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அசையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாட்டில்களை மேஜைமேல் மெல்ல வைத்துவிட்டு, கேமராக்களைச் சுற்றி வந்தார்.

"இன்னாம்மா இது, ஆஸ்பத்திரில டியூப் மாட்டி வெச்சா மாதிரி கீது? எண்ணெய்க்கு இன்னா சீக்கு?"

"படம் நேரா கம்ப்யூட்டருக்கு வந்துடும்க்கா. பாட்டிலைத் தொடவே வேணாம்."

கர்வத்தோடு பட்டனை அழுத்தினேன். மூன்று படம் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தன. பக்கத்துப் படத்தைக் காணோம்.

கேமராவைத் தொட்டால் கோணம் நகர்ந்துவிடும். ஹப்பில் பச்சைப் பொட்டுக் கேபிளை மட்டும் பிடுங்கிச் செருகலாம் என்று குனிந்தேன். பச்சைப் பொட்டு இல்லை. சிவப்பும் இல்லை, கருப்பும் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் பிடுங்கினேன். முன்கேமராவும் திரையிலிருந்து போயிற்று.

"ரெண்டு வந்துச்சே, இப்ப ஒண்ணுதான் வருது?" என்றார் அக்கா. "இன்னும் கொஞ்சம் ரிப்பேர் பண்ணேன், அதுவும் போயிடும்."

கணவருக்கு போன் செய்தேன். ஹப்புக்கு கரன்ட் போதவில்லையா, கேபிள் போய்விட்டதா, நாம் வாங்கியதே தப்பா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். "முதல்ல உட்காரு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அக்கா சிரிக்க ஆரம்பித்தார். திரும்பினால், என் மகள் நாற்காலிமேல் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய், மூன்றுக்கும் நெற்றியில் பொட்டு. சிவப்பு, பச்சை, கருப்பு. அட்டையில் மீதியிருந்த பொட்டுகள் அவள் கன்னத்தில்.

"ஐயோ!" என்று பாய்ந்தேன். பாட்டில்களைக் கையில் எடுத்துத் திருப்பி, பொட்டைப் பிய்த்து, பசையைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்து, பளபளவென்று திரும்ப வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். எண்ணெய் மூன்றும் கலங்கியிருந்தன.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"தொடவே வேணாம்னே. இப்ப உறி அடிச்சா மாதிரி குலுக்கிட்டியே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவர் குரலை இறக்கினார்.

"அட, இதுக்கா? ஊத்திட்டியா இன்னா? குந்து. கசடு தானா இறங்கும். டீ கீதா?"

டீ போட்டேன். அவர் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் கன்னத்துப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எண்ணெய் தெளியும்வரை எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படி ஒரு நேரம் எனக்கு வாய்ப்பது அபூர்வம். பிடுங்கிய கேபிளைச் செருகிவிட்டு, கேமராக்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டின் பின்திரையில் வெளிச்சம் இருந்தது. பக்கத்துக் கேமரா இருட்டாக இருந்தது. ஹப்பும் கெடவில்லை, கேபிளும் கெடவில்லை. அது தூங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் தானாக அணைகிற அமைப்பை மற்ற இரண்டிலும் முன்பே எடுத்துவிட்டிருந்தேன். மூன்றாவதற்கு வரும்போது பாப்பா அழுதிருப்பாள்.

கோணம் நகராமல் மெல்லக் கேமராவை எழுப்பி, அதிலும் எடுத்துவிட்டேன். மதியம் தாண்டியபோது எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. மேஜை அதிராமல் இருக்க, வீட்டுக்குப் பின்னால் ஒரு ரயில் கடந்து போகட்டும் என்று காத்திருந்து, பட்டனை அழுத்தினேன். முன், பக்கம், மேல். மூன்றும் வந்தன.

அக்கா திரையருகே வந்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம எண்ணெயா இது?" என்றார். பிறகு, "நாளைலேர்ந்து அனுப்புறேன். புதுசா போடற இட்லிப் பொடியையும் நீயே எடு. ஆனா பாப்பா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எடு."

கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

"உனுக்கு முதல்ல ஒண்ணு வெச்சிக்க. மெஷினுக்கெல்லாம் வெச்சிட்டு உன் நெத்தி காலியா கீது பாரு."

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்.

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய பதிலை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கணவரை அழைத்தேன்.

"'இப்போது இயலவில்லை'ன்னு போடவா, 'வர இயலாது'ன்னு போடவா? தப்பு பண்றேனாங்க?"

"ரெண்டுல எதையாவது போடு. ஆனா அனுப்பு." பிறகு, "டீ போட்டியே, கேஸை அணைச்சியா?" என்றார்.

அவர் சிரிப்பது கேட்டது. கேட்டுக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. திரும்பி வந்து, 'வர இயலாது' என்றே அனுப்பினேன்.