கொக்கி போட்ட கரண்டில் ஒரு நல்ல மந்திரி

என் வீட்டுக்காரருக்குக் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் உயிர். அதிலும் கை நீட்டாத மந்திரி, லஞ்சம் வாங்காத கலெக்டர் வரும் படம் என்றால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார். பழைய படங்களையே ஓட்டும் கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. மந்திரி தன் சொந்த மைத்துனனையே ஜெயிலுக்கு அனுப்பும் படத்தை எத்தனை தடவை பார்த்தாரோ, ஒவ்வொரு தடவையும் கண் சிவந்துதான் வீடு திரும்புவார்.

பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த மந்திரியை வீட்டுக்குள்ளும் கூட்டிக்கொண்டு வந்தாரே, அதுதான் என் தலையெழுத்து. எண்பதுகளின் கடைசியில் மில் வேலையை விட்டுவிட்டு, கொல்லையில் செட் போட்டு, பேண்டேஜ் துணி நெய்ய இரண்டு விசைத்தறி வாங்கினார். கரண்ட் கொடுக்கவில்லை. உங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் லோடு தாங்காது என்று கரண்ட் ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் வார்டு கட்சிக்காரரைக் கவனித்தால் அதே டிரான்ஸ்பார்மர் தாங்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

“குடுத்துத் தொலைங்களேன், ஊரே குடுக்குது” என்றேன்.

“முறைப்படி எழுதிக் குடுத்திருக்கேன், முறைப்படி வரட்டும். நீ செத்த நேரம் சும்மா இருடி.”

தறியில் தூசு ஏறியது. அடுப்பு எரிய நான் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனேன். விடிந்தால் இதே சண்டை. சினிமா மந்திரிக்கு என்ன, அவர் வீட்டிலா தறி சும்மா கிடந்தது?

அந்தப் பங்குனியில் தெரு அம்மன் கோவில் பொங்கலுக்குக் கட்சிக்காரர் தன் செலவில் திரை கட்டிப் படம் போட்டார். எந்தப் படம் என்கிறீர்கள்? அதே நல்ல மந்திரிதான். மைத்துனன் ஜெயிலுக்குப் போகும் கட்டத்தில், முன்வரிசை நாற்காலியிலிருந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார் அந்த மனுஷன். ஆபரேட்டர் ரீலைச் சுற்றி மறுபடி ஓட்டினார்.

“பாத்தியா, அவருக்கும் மனசு இருக்கு” என்று பூரித்துப்போனார் என் வீட்டுக்காரர்.

என் கண் கம்பத்துக்குப் போனது. புரொஜெக்டர், குழாய் ஸ்பீக்கர், தெரு நெடுகச் சீரியல் பல்பு, எல்லாவற்றுக்கும் எங்கள் வாசல் கம்பத்தில்தான் கொக்கி போட்டிருந்தார்கள். நேரே கட்சிக்காரர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, இம்புட்டு லோடு தாங்குதே, எங்க ரெண்டு தறியத் தாங்காதா?”

அவர் கோபப்படவில்லை. ஈரக் கண்ணோடு சிரித்தார். “இது சாமி காரியம் தங்கச்சி, ஒரு நாளைக்கு. தறின்னா முறைப்படில்லா வரணும்.”

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால்தான் நின்றார். படம் முடியும் முன்பே வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

வைகாசியில் தறிகளை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றோம். போன மாதம்தான் தறிக்குக் கரண்ட் லைன் கேட்டேன், ஒரே வாரத்தில் வந்துவிட்டது என்று அவர் பெருமையாகச் சொன்னார். எப்படி வந்தது என்று இவர் கேட்பார், கேட்டு லாரியை நிறுத்திச் சண்டை பிடிப்பார் என்று பயந்துகொண்டே நின்றேன். கேட்கவில்லை. ஒரு பக்கம் கை கொடுத்துத் தறியைத் தூக்கி ஏற்றினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.