பொம்மையிடம் பேசிய கஜீவன்

கஜீவன் சுத்த மோடன், அடிமுட்டாள் என்று அவன் வேலைக்கு வந்த முதல் நாளே கண்டுகொண்டேன். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கப்போட்டிருந்தான். யார் பார்க்க வேண்டுமோ! நான் கொச்சிக்கடை றோஸி. எட்டு வருடமாகத் தனியார் அம்புலன்ஸ் ஒன்றின் பின்பக்கத்தில் நோயாளிகளோடு ஓடுகிறவள். கொட்டாஞ்சேனை மாடிப்படிகளில் எத்தனை பேரைத் தூக்கி இறக்கினேன் என்பது எனக்கே தெரியாது.

இந்த வருடம் கம்பனி ஓர் அறிவித்தல் ஒட்டியது. அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் இல்லாதவர்கள் இனி வண்டியில் ஏற முடியாது, தொலைபேசி மேசைதான். என்னிடம் ஏது சான்றிதழ்? கஜீவனோடு நானும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

கஜீவனுக்கு இந்தப் பரீட்சை இரண்டாம் முறை. முதல் முறை ஏன் பெயிலானான் தெரியுமா? செய்முறைப் பரீட்சைக்கு ஓர் அறையை வீடு மாதிரி அமைத்து, தரையில் பொம்மையைக் கிடத்தி, சுற்றிவர உடைந்த கண்ணாடி போட்டிருந்தார்கள். இவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான்!

"வீடெண்டு சொன்னவை அக்கா, அதுதான் கழட்டினனான்."

"நீ என்னா தேத்தண்ணி குடிக்கவாடா போன?" அன்று முழுக்கச் சிரித்தேன்.

அவன் படிப்பும் அப்படித்தான். மதியம் மேசையில் ஒரு தலையணையைக் கிடத்தி, அதைத் தட்டித் தட்டி, "ஐயா, ஐயா, நான் கதைக்கிறது கேக்குதோ?" என்பான். பக்கத்தில் இருந்து சோறு தின்ன எனக்கு வெட்கமாக இருக்கும்.

"நீங்களும் பழகுங்கோ அக்கா, இதுக்குப் புள்ளி இருக்கு," என்பான். எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டார் பெரியவர்!

பரீட்சை நாள் வந்தது. நான் கண்ணாடியை ஒதுக்கினேன், கையுறை போட்டேன், நேரே பொம்மையின் நெஞ்சை அழுத்தினேன். ஓர் அழுத்தமும் பிசகவில்லை.

பரீட்சகர் முத்துலிங்கம் டொக்டர் நிமிர்ந்தார். "நினைவிருக்கோ எண்டு முதல்ல கூப்பிட்டுப் பாத்தனீங்களோ?"

"பொம்மையோட கதைக்க எனக்கென்ன பைத்தியமா டொக்டர்?"

அந்தோனியாரே, இந்த வாய்! அவர் சிரிக்கவில்லை. "நினைவுள்ள ஆளெண்டால் நெஞ்செலும்பை முறிச்சிருப்பீங்கள்," என்று சொல்லிப் பிழை போட்டு என்னைப் பெயிலாக்கினார். அடுத்து உள்ளே போன கஜீவன் சப்பாத்தோடு போனான், பொம்மையை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டான், பாஸானான். வண்டியில் என் இடம் அவனுக்குக் கிடைத்தது, எனக்குத் தொலைபேசி மேசை.

நேற்று ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அப்பா விழுந்து கிடக்கிறாராம், நெஞ்சை அமுக்கட்டுமா என்று அழுதாள். கஜீவனோடு வண்டி கிளம்பிவிட்டது. என் கைகள் சும்மா கிடந்தன.

"பொறுங்க மகள். தோளத் தட்டி சத்தமா கூப்பிட்டுப் பாருங்க."

"அப்பா! அப்பா, கேக்குதா?"

கிழவர் முனகியது எனக்கும் கேட்டது.

"நெஞ்சுல கை வைக்காதீங்க. கதைச்சிட்டே இருங்க, வண்டி வருது," என்றேன். அந்தக் கஜீவனிடம் கற்ற பாடம். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.