மஞ்சள் நூல் இப்போது யார் தடியில்?

இந்த வேல்ஸ் நாட்டில் மலையேறப் போகிறவர்கள் அடிவாரத்தில் காரை நிறுத்தியதும் செய்கிற முதல் வேலை, காலில் இருப்பதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய பூட்ஸைப் போடுவது. எங்கள் ஊர்ப்பக்கம் படவேட்டு மலையில் நாங்கள் செருப்பைக் கழற்றிப் புதர் மறைவில் வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். மேலே சாமி இருக்கிறது, செருப்போடு எப்படிப் போவது? இங்கே ஒரு நடைக்குழுவில் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. இன்னும் பூட்ஸ் கயிறு கட்டும்போது கால் கூசத்தான் செய்கிறது.

ஆரணியில் நாங்கள் ஆறு பேர், பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள். காணும் பொங்கலன்று காலையில் பஸ் பிடித்துப் படவேடு போய் மலையேறுவது வழக்கம். பாபுவுக்குச் சாயப்பட்டறை. அங்கே மிஞ்சிய பட்டுநூலை ஆளுக்கொரு நிறமாகக் கொண்டுவந்து எங்கள் கைத்தடிகளில் கட்டுவான். மாம்பழ மஞ்சள் மட்டும் கடைசியில் நடப்பவனுக்கு. திரும்பிப் பார்த்தால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். அதற்குப் பின்னால் நம் ஆள் யாரும் இல்லை என்று அர்த்தம். மூச்சு வாங்குகிறவனைத் தேற்றி, கதை பேசி, மேலே கொண்டுசேர்ப்பது மஞ்சள்காரன் பொறுப்பு. அந்த மஞ்சள்காரன் நான்தான். வேறு யாரும் அதைக் கேட்டதே இல்லை.

இந்த முறை காணும் பொங்கல் சனிக்கிழமையில் வந்தது. இங்கே நடைக்குழுவில் நாங்களும் ஒரு மலையில் பாதி ஏறிச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பழக்கதோஷம், எல்லோருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவரவர் பையிலிருந்து அவரவர் சாண்ட்விச் வெளியே வந்தது. குழுத் தலைவி ஹெலன் என் தூக்கை எட்டிப் பார்த்து, "அடேயப்பா, உங்களுக்கு அவ்வளவு பசியா?" என்றார். விளக்கக் கூச்சப்பட்டு ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அப்போதுதான் போனில் படவேட்டுப் படம் வந்தது. ஆறு தடிகள். ஆறாவதில் மஞ்சள் நூல். அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு புது முகம்.

வயிறு எரிந்தது. எழுந்து தள்ளிப் போய்ப் பாபுவைக் கூப்பிட்டேன்.

"யார்ரா அவன்?"

"நம்ம தினேசுடா, என் வூட்டுக்காரி தம்பி. உன்ன மாதிரியே வழியெல்லாம் பேசிகினே வர்றான், சோக்கா இருக்குது."

"என் நூல எதுக்குடா அவனுக்குக் கட்ன?"

"நீ வருவ வருவன்னு இத்தினி வருசமா மஞ்ச நூலே கட்டாம ஏறினோம். போன வாட்டி நம்ம கூட்டாளி சேகரு பின்னால தனியா மாட்டிகினு ஒரே பேஜாரா பூடுச்சி. யாராச்சும் கடைசில வரணும்ல?"

நியாயமான பேச்சுதான். நியாயம் தெரிந்தால் பொறாமை அடங்கிவிடுமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு வார்த்தை பேசியிராத அந்த தினேஷ் ஒரு முறையாவது இடறி விழ வேண்டும், பெரிதாக வேண்டாம், முட்டி சிராய்க்கிற அளவு போதும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

புறப்படும்போது ஹெலன் தன் பையிலிருந்து கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேல்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். இனிமேல் கடைசியில் நடக்கும் பொறுப்பு எனக்காம். "பின்தங்குகிறவர்களோடு எப்போதும் நீங்கள்தானே நிற்கிறீர்கள்" என்றார். போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"கிரஹாமுடையது. நீங்கள் சேர்வதற்கு முன்னால் கடைசியில் நடந்தவர், ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். போன் செய்யும்போதெல்லாம், என் சட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டாயா என்றுதான் கேட்பார்." சொல்லிக்கொண்டே என்னை ஒரு படம் எடுத்தார். "இதை அவருக்கு அனுப்புகிறேன்."

நானும் முழுப் பல்லும் தெரியச் சிரித்துத் தொலைத்திருந்தேன். வேண்டாம் என்று தடுக்க வாயெடுப்பதற்குள் படம் போய்விட்டது. எல்லோரையும் முன்னால் விட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பினேன். ஸ்பெயினில் முகம் தெரியாத ஒரு மனிதர் இந்நேரம் எனக்காக என்ன வேண்டிக்கொள்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.